வடிவுக்கு ஒரு குறையும் இல்லை

நவம்பர் 30, ஞாயிறு

எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழ் டீச்சர் மகள் கல்யாணம். பந்தியில் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரசம் வந்தபோது பேச்சைத் தொடங்கினாள்.

"நீ பாளையங்கோட்டை இசக்கிதான? என்னைத் தெரியலையா? செந்தூர்பாண்டிக்குச் சித்தி நான்."

தெரியாமல் என்ன. நான்கு வருஷத்துக்கு முன்னால் என்னைப் பெண் பார்க்க வந்த கூட்டத்தில் இவளும் இருந்தாள். இரண்டு தட்டு கேசரி தின்றாள். நிச்சயத்துக்கு நாள் குறித்து, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு, "ஜாதகம் சரியில்லையாம்" என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"தப்பா நெனைக்காத. அவனுக்கு ஒன்னை ரொம்பப் புடிச்சிருந்துச்சு. ஒன் கூடப் படிச்சவதான சொன்னா. சங்கரன்கோயில் பேங்க்ல அப்ப வேலை பாத்தாள்லா, வடிவு. ஒனக்கு வலிப்பு வரும்னு. அதைக் கேட்ட பொறவு எப்படிச் சம்மதிப்பாவ?"

பாயசத்தை இலையில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டேன். ருசியே தெரியவில்லை.

எனக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் வலிப்பு வரும். ஒன்பது வயதோடு போயிற்று. அதன் பிறகு ஒரு தரம்கூட வந்ததில்லை. இதை நான் வாழ்க்கையில் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னேன். ஹாஸ்டலில், முதல் வருஷம், சண்முகவடிவிடம்.

அந்தச் சம்பந்தம் முறிந்த பிறகு அப்பா காலையில் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். இன்றுவரை போகவில்லை. வீட்டிலேயே பேப்பர் வாங்கிக்கொள்கிறார். அன்றைக்கு வடிவு என் வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்னைவிட அதிகமாக அழுதாள்.

டிசம்பர் 1, திங்கள்

ஒன்பதாம் வகுப்புப் பேப்பர் திருத்தினேன். பாதிப் பேருக்குப் பூஜ்யம் போட்டேன். பிறகு அடித்துவிட்டுத் திருப்பித் திருத்தினேன். பிள்ளைகள் என்ன செய்தன.

டிசம்பர் 3, புதன்

எங்களோடு படித்த ஜமீலா போன் செய்தாள். குடியரசு தின விடுமுறையோடு சேர்த்து அந்தமான் போகிறோம், மூன்று பேரும், கல்லூரி முடித்த பிறகு ஒரு தரமாவது சேர்ந்து போக வேண்டாமா என்றாள். கடலுக்கு அடியில் போய்ப் பவளப்பாறை பார்க்கலாமாம். வடிவு சரி என்றுவிட்டாளாம்.

நான் வரவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வருகிறேன் என்று சொன்னேன். நேருக்கு நேர் வைத்து, ஜமீலா முன்னால், அவள் முகத்திரையைக் கிழிக்க வேண்டும்.

டிசம்பர் 14, ஞாயிறு

தெய்வம் இருக்கிறது.

இன்று வடிவே கூப்பிட்டாள். விருதுநகரில் இருந்து ஒரு இடம் வந்திருக்கிறதாம். பையன் மருந்துக் கம்பெனியில் வேலை. பெயர் குருபரன். போட்டோ பிடித்துவிட்டதாம். மார்கழி பிறக்கப்போவதால் பேச்சு நிற்கிறது, தை பிறந்ததும் விசாரிக்க ஆரம்பிப்பார்கள்.

"ஒன் நம்பரைத்தான் குடுத்திருக்கேன் இசக்கி. கூடப் படிச்ச புள்ள, டீச்சர் வேற. நீ சொன்னா நம்புவாவ. நல்ல விதமா ரெண்டு வார்த்தை சொல்லுட்டி."

"சொல்லாம இருப்பேனா" என்றேன்.

முகத்திரையை இப்போது கிழிப்பதாக இல்லை. சண்டை போட்டால் என் நம்பரை மாற்றிவிடுவாள். பல்லைக் கடித்துக்கொண்டு தை வரை இருக்க வேண்டும். அவளைப் பற்றி என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை. அவளுக்கு என்ன குறை? நிறம், உயரம், வேலை எல்லாம் இருக்கிறது. ஆனால் கண்டுபிடிப்பேன்.

எனக்கு இசக்கியம்மன் பெயர் வைத்திருக்கிறார்கள். ஊர் எல்லையில் வாயில் பிள்ளையைக் கவ்விக்கொண்டு நிற்கிறாளே, அவள் பெயர். ஏமாற்றியவனை மறுபிறவி வரை துரத்தி வந்து தீர்த்தவள். கல்லூரியில் இந்தப் பெயருக்கு வெட்கப்பட்டேன். இப்போது வெட்கமில்லை.

ஜனவரி 10, சனி

கேஸ் சிலிண்டர் புக் செய்தேன். கடலில் இறங்க முழங்கால் வரை பேன்ட் ஒன்று வாங்கினேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

ஜனவரி 24, சனி. ஹேவ்லாக் தீவு

நேற்று சென்னையிலிருந்து விமானம், இன்று போர்ட் பிளேரிலிருந்து கப்பல். ஜமீலா வழியெல்லாம் வாந்தி எடுத்தாள். வடிவு அவள் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். இவளுக்கு எல்லாருடைய தலையையும் தாங்கத் தெரியும். அழுகிறவர்களோடு அழத் தெரியும்.

கடல் இந்த நிறத்தில் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கோபத்தில் இருக்கிறவளுக்கு இதையெல்லாம் காட்டக்கூடாது.

மூன்று பேருக்கும் ஒரே அறை. சாயங்காலம் வடிவு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டும் அவள் குழாயை மூடவில்லை. தண்ணீர் வீணாகிறதே என்று தட்டினேன். தாழ் சரியாக விழாத கதவு, திறந்துகொண்டது. வாயில் நீல நிற இன்ஹேலரை வைத்து உறிஞ்சிக்கொண்டு நின்றாள்.

என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"யார்ட்டயும் சொல்லிராத இசக்கி. ஜமீலாட்ட கூட. ரெண்டு வருசமா வீசிங் இருக்கு. விருதுநகர்ல தெரிஞ்சா அவ்வளவுதான். ஏற்கெனவே ஒரு எடம் தட்டிப் போச்சு இதால."

"அப்ப நாளைக்குக் கடலுக்குள்ள எப்படிட்டி எறங்குவ?"

"அதுக்குத்தான எறங்குதேன். அங்க யாரோ காத்துவாக்கில இதைச் சொல்லிருக்காவ போல. எங்கம்மதான் சொன்னா, கடலுக்கடியில போற வீடியோவ அனுப்பு, நுரையீரல் சரியில்லாதவ அடியில போவாளான்னு அவியளே முடிவு பண்ணிருவாவன்னு."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. நான் அவள் கையைத் தட்டிக்கொடுத்தேன். சொல்ல மாட்டேன் என்றேன்.

மார்கழி முழுக்கத் தேடினேன். கடைசியில் அவளே எடுத்து என் கையில் கொடுத்துவிட்டாள். சந்தோஷமாக இருக்கிறது. மீன் குழம்பு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜனவரி 25, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எங்களைக் கூட்டிப்போனவர் முனீஸ். அந்தமானிலேயே பிறந்த தமிழர். கூட ஷிப்ரா என்று ஒரு வங்காளப் பெண். ஒரு ஆளுக்கு ஒரு பயிற்சியாளர், கூடவே நீந்தி வந்து முதுகு சிலிண்டரைப் பிடித்துக்கொள்வார், நமக்கு நீச்சல் தெரிய வேண்டியதில்லை. முதலில் முனீஸ் எங்களைக் கரையில் உட்கார வைத்துக் கேட்டார்.

"அக்கா, மூணு பேரும் உண்மைய சொல்லணும். வீசிங், வலிப்பு, ஹார்ட், காது ஆபரேஷன், ஏதாச்சும் உண்டா? சின்ன வயசுல இருந்தாலும் சொல்லுங்க."

ஜமீலா இல்லை என்றாள். வடிவு இல்லை என்றாள். நானும் இல்லை என்றேன். வடிவு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேரும் சட்டென்று கடலைப் பார்த்தோம்.

முனீஸ் ஏன் கேட்கிறார் என்பதையும் சொன்னார். அடியில் போகப் போக அழுத்தம் கூடும், அங்கே இழுத்த காற்று மேலே வர வரப் பெருகும், அதனால் மூச்சை அடக்கவே கூடாது, விட்டுக்கொண்டே வர வேண்டும். வீசிங் உள்ளவர்களுக்குக் காற்று நெஞ்சுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், பெருகினால் நுரையீரலைக் கிழித்துவிடும். இதை நான் பதினோராம் வகுப்பில் கணக்காகப் போடுகிறேன். அழுத்தம் பாதியானால் பருமன் இரட்டிப்பு. ஆக எனக்கு முனீஸைவிடத் தெளிவாகவே தெரியும். தெரியாது என்று சொல்ல மாட்டேன்.

இடுப்பளவு தண்ணீரில் வாயால் மூச்சுவிடப் பழகினோம். வடிவு நன்றாகவே செய்தாள். பிறகு படகில் போனோம். முதலில் ஜமீலா ஷிப்ராவோடு இறங்கி, அரை மணி கழித்துப் பல்லெல்லாம் தெரிய வந்தாள். "ஏட்டி, கோமாளி மீன் என் விரலைக் கடிக்க வந்துச்சுட்டி" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்தது நான். சிலிண்டரை மாட்ட எழுந்தேன். அப்போது வடிவு படகின் அந்தக் கோடிக்குப் போய் முனீஸிடம் குனிந்து ஏதோ பேசினாள். முனீஸ் என்னிடம் வந்தார்.

"அக்கா, நீங்க இறங்க வேணாம். படகிலயே இருங்க. வலிப்பு இருந்தா சொல்லியிருக்கணும்ல. உள்ள வச்சு வந்தா வாயில இருக்கறது கழண்டு போயிடும். என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

மறுபடியும் சொல்லிவிட்டாள். அதே வாய். அதே விஷயம்.

ஜமீலா என்னையே பார்த்தாள், அவளுக்கு அதுவரை தெரியாது. வடிவு தலையைக் குனிந்துகொண்டு காலில் துடுப்பு மாட்டினாள். "அவளுக்கு வீசிங்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். இங்கே சொன்னால் அவளுக்கு ஒரு முக்குளிப்புதான் போகும். விருதுநகரில் சொன்னால் கல்யாணம் போகும். எதற்காக அவசரப்பட வேண்டும்?

வடிவு முனீஸோடு பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தாள். தண்ணீர் மூடிக்கொண்டது. குமிழிகள் மட்டும் வந்தன.

உட்கார்ந்து குமிழிகளைப் பார்த்தேன். நன்றாக அனுபவி என்று நினைத்தேன். அப்பா வாசலில் பேப்பர் படிக்கிறதை நினைத்தேன். செந்தூர்பாண்டி நெல்லையப்பர் கோயிலில் என்னோடு பேசியதை நினைத்தேன். யானைக்கு வாழைப்பழம் கொடுக்கப் பயந்து என்னிடம் கொடுத்துக் கொடுக்கச் சொன்னவன். இப்போது அவனுக்கு இரண்டு பிள்ளைகள். குமிழிகள் முதலில் விட்டு விட்டு வந்தன. பிறகு அடுக்கடுக்காக வந்தன. அவள் வேகமாக மூச்சு வாங்குகிறாள்.

எழுந்துவிட்டேன். ஷிப்ராவிடம் எனக்கு வந்த இங்கிலீஷில் கத்தினேன். அவளுக்கு ஆஸ்துமா, இப்பவே கூட்டி வா, மெதுவாகக் கூட்டி வா என்றேன். ஷிப்ரா வங்காளத்தில் என்னைத் திட்டிக்கொண்டே சிலிண்டரை மாட்டிக் குதித்தாள்.

ஏன் சொன்னேன்? செத்துப்போனால் நான் யாரைப் பழிவாங்குவது? அதனால்தான் சொன்னேன்.

மெதுவாகத்தான் மேலே கொண்டு வந்தார்கள். நான் பற்களைக் கடித்துக்கொண்டு நின்றேன். படகில் ஏற்றியபோது வடிவின் உதடு வெளுத்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்க, ஒவ்வொரு மூச்சுக்கும் விசில் சத்தம் வந்தது. பையைக் காட்டிக் கையை ஆட்டினாள். எந்தப் பை, எந்தத் துணிக்குள் சுருட்டி வைத்திருப்பாள் என்று எனக்குத்தான் தெரியும். எடுத்தேன்.

எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். சங்கரன்கோயில் விஷயம் எனக்குத் தெரியும் என்பது அந்தப் பார்வையிலேயே அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

"என்னட்டி நிக்க, குடு" என்று ஜமீலா என் தோளில் அடித்தாள். கொடுத்தேன்.

முனீஸ் படகைக் கரைக்கு விட்டார். வந்ததும், "பொய் சொல்லிட்டு எறங்கி செத்தா, ஜெயிலுக்குப் போறது நான்தான்க்கா. எனக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கு" என்றார். இரண்டு பேரையும் பார்த்துத்தான் சொன்னார். ஆஸ்பத்திரிக்கும் அவரே கூட்டிப்போனார். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டுப் பயமில்லை என்றார்கள்.

மத்தியானம் ஜமீலா சாப்பாடு வாங்கப் போனாள். வடிவும் நானும் கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். அவள்தான் ஆரம்பித்தாள்.

"நீ கோவத்துல இருப்ப. தண்ணிக்குள்ள வச்சு வலிப்பு வந்தா செத்துருவட்டி. அதான் சொன்னேன். எனக்குப் பயமா இருந்துச்சு."

"சங்கரன்கோயில்ல என்ன கடலாட்டி இருந்துச்சு?" என்றேன்.

அவள் மணலை அள்ளி அள்ளிக் காலில் போட்டுக்கொண்டாள்.

"அவிய கேட்டாவ. சொன்னேன்."

"ஒன்பது வயசோட போச்சுன்னும் சொன்னியா?"

"இல்ல."

"ஏன்?"

"எனக்கு ஒண்ணும் அமையல இசக்கி. ஒனக்கு அமைஞ்சிருச்சு. அதுவும் நீ போன்ல அவனப் பத்தி, யானைக்குப் பயந்தத எல்லாம் சொல்லிச் சிரிச்ச. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. சொல்லிட்டேன். அன்னைலேருந்து நான் ஒழுங்காத் தூங்கல."

ஜாதகம், விதி, அவர்கள் திருப்பிக் கேட்டார்கள் என்று ஏதாவது சொல்வாள், அதை வைத்துக் கிழிக்கலாம் என்றிருந்தேன். இப்படிப் பட்டென்று சொல்வாள் என்று எதிர்பார்க்கவில்லை.

"இப்ப என் நம்பர்தான அவிய கையில இருக்கு" என்றேன்.

அவள் என் காலைப் பிடிக்க வந்தாள். எழுந்து போய்விட்டேன்.

ஜனவரி 28, புதன். பாளையங்கோட்டை

வீட்டுக்கு வந்துவிட்டோம். மூன்று பேர் போய் மூன்று பேராகத் திரும்பினோம், ஆனால் பேச்சு இரண்டு பேருக்குள்தான். ஜமீலா நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் முறுக்கு நீட்டிக்கொண்டு வந்தாள். துணி துவைத்தேன். பேன்ட்டில் இருந்து மணல் போகவே மாட்டேன் என்கிறது.

ஜனவரி 31, சனி

வடிவு இரண்டு தரம் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. "பேசுனாவளா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள். படித்தேன் என்று அவளுக்குத் தெரியும்படி படித்துவிட்டு, பதில் போடாமல் விட்டேன். இதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

பிப்ரவரி 3, செவ்வாய்

விருதுநகரிலிருந்து போன் வந்தது. பையனின் அம்மா. நிதானமான குரல்.

"ஏம்மா, வடிவு கூட ஒண்ணாப் படிச்சீகளாமே. பொண்ணு எப்படி, கோவப்படுமா, பெரியவுகள மதிக்குமா?"

சொன்னேன்.

"கடலுக்குள்ள போன வீடியோ அனுப்பிருந்துச்சு, பாத்தோம். தைரியசாலிதான். இருந்தாலும் யாரோ மூச்சு இழுப்பு இருக்குன்னு சொன்னாக. அதான் ஒங்ககிட்ட கேக்கேன். டீச்சரு, பொய் சொல்ல மாட்டீக."

இறங்கினதும் முனீஸ் எடுத்த நான்கு நிமிஷ வீடியோவை அனுப்பியிருக்கிறாள் பாதகத்தி. குமிழி அடுக்கடுக்காக வருவதற்கு முன்னாலேயே அது முடிந்துவிடும்.

இந்த நிமிஷத்துக்காக எத்தனை நாள் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்திருக்கிறேன். "சொல்லக் கூடாதுதான், ஆனா கேட்டுட்டீங்க" என்றுதான் ஆரம்பிப்பதாக இருந்தேன். அந்த அம்மா காத்திருந்தாள். அப்பா வாசலில் பேப்பரை மடக்குகிற சத்தம் கேட்டது.

"ஒரு குறையும் இல்லம்மா" என்றேன். "மூச்சாவது ஒண்ணாவது. நாலு மாடி ஏறினாலும் அவளுக்கு வாங்காது."

யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். நான் யோசித்துத்தான் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அவளுக்கு ஒரு இடம்தான் போயிருக்கும், வேறு இடம் வரும். இப்போது என்ன ஆயிற்று? காலம் முழுக்க அந்த வீட்டில் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் மூச்சு வாங்க வேண்டும். மாமியார் வந்து கதவைத் தட்டும்போதெல்லாம் என் ஞாபகம் வர வேண்டும். இதைவிடப் பெரிய தண்டனை எனக்குத் தெரியாது.

சாயங்காலம் வடிவு கூப்பிட்டாள். எடுத்தேன்.

"பேசுனாவளாமே. என்னட்டி சொன்ன?"

"கேட்டாவ. சொன்னேன்" என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

மூன்று நாள் அவளைத் தவிக்கவிட்டேன். இன்று அந்த வீட்டிலிருந்து சம்மதம் வந்துவிட்டதாம். "நீ தெய்வம்ட்டி" என்று அனுப்பியிருக்கிறாள். எந்தத் தெய்வம் என்று அவள் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

வடிவு கல்யாணம். விருதுநகரில். போக வேண்டாம் என்று அம்மா சொன்னாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, பஸ் நேரம் மட்டும் பார்த்துச் சொன்னார்.

நான் முன்வரிசையில்தான் உட்கார்ந்தேன். அதற்காகவே சீக்கிரம் போனேன். ஓமப் புகை முன்னால் அவள் எப்படி உட்காருகிறாள் என்று பார்க்க வேண்டும். ஐயர் நெய்யை அள்ளி அள்ளி ஊற்றினார். புகை நேராக அவள் முகத்தில் போய் மோதியது. சித்திரைப் புழுக்கம் வேறு. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பட்டுப் புடவைக்குள் நெஞ்சு ஏறி இறங்குவது எனக்குத் தெரிந்தது, வேறு யாருக்கும் தெரியவில்லை. மாப்பிள்ளையின் அம்மா பக்கத்திலேயே நின்றாள்.

வடிவு கண்ணைத் திறந்து கூட்டத்தில் தேடினாள். என்னைக் கண்டுபிடித்தாள். படகில் பார்த்த அதே பார்வை.

என் கைப்பையில் நீல நிற இன்ஹேலர் ஒன்று இருந்தது. வருகிற வழியில் மருந்துக் கடையில் வாங்கினேன். எதற்கும் இருக்கட்டும் என்றுதான். பையைத் திறக்கவில்லை. திறந்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

மேடை ஓரத்தில் ஆளுயர ஃபேன் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து போய் அதை ஓமத்தின் பக்கம் திருப்பி வைத்தேன். புகை அப்படியே மாமியார் பக்கம் போயிற்று. அந்த அம்மாள் இருமிக்கொண்டே நகர்ந்து நின்றாள். வடிவு மூச்சு விட்டாள்.

எனக்குப் புழுக்கமாக இருந்தது. அதனால்தான் திருப்பினேன்.